ஹைடல்பேர்க் மாப்பிள்ளை

மாப்பிள்ளை ஊர் சுற்றிய வீடியோக் கசெற்றைக் குலசிங்கம் அங்கிள்தான் கொண்டுவந்தார். கல்யாணம் பேசுவதை அவர் சேவை என்றுதான் சொல்லுவார். ஜேர்மன் கசெற் கனடா டெக்கில் ஓடாது என்று கடையில் கொடுத்து மாற்றியும் இருந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் சின்ன அப்பார்ட்மென்ரில் அம்மா ரோல்ஸ் பொரித்துவைத்தா. ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவுகிற அப்பா லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்கு இருபத்தெட்டு வயது. நான் ஓம் என்றால் தை மாதம் கல்யாணம்.

மாப்பிள்ளை வாகீசன் ஜேர்மனியில், ஹைடல்பேர்க்கில் ஒரு பகல் முழுக்கச் சுற்றியிருந்தார். கமரா பிடித்தது யாரோ சிநேகிதன். மலையில் இடிந்த கோட்டை, அதை மறைத்துக்கொண்டு கோட் சூட்டில் இவர். பழைய தேவாலயம், அதற்கு முன்னாலும் இவர். பிறகு யாரோ ஒருவனுடைய பென்ஸ் காரில் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். நெக்கார் ஆறு வடிவான ஆறாகத்தான் இருக்கவேண்டும். இவருடைய தோளுக்கு மேலால் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது.

"பெடியன் சோக்காய் இருக்கிறான்," என்றா அம்மா.

பின்னேரம், ஆற்றுக்கு மேலே பழைய கல்பாலம். வாளி நிறைய ரோசாப்பூக்களோடு ஒருவன் வந்தான். எங்கடை ஆள். ஒடிந்த உடம்பு, அளவில்லாத ஜாக்கெற். வாகீசனைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணை, தமிழோ?"

"நைன்," என்றார் வாகீசன். நைன் என்றால் இல்லையாம்! ஜேர்மன் பாஷையில் ஏதோ அதட்டிவிட்டு, வாளியிலிருந்து ஒரு பூவை உருவினார். காசு கொடுக்கவில்லை. கமராப் பக்கம் திரும்பி, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், "தனுஷிகா, இது உமக்கு," என்று என் பெயரைச் சொல்லிப் பல்லைக் காட்டினார்.

பூக்காரன் பின்னாலேதான் நின்றான். அவனுக்கும் கேட்டது. காசுக்கு நீட்டிய கையை இழுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குலசிங்கம் அங்கிள் அந்த இடத்தைத் திருப்பி ஓடவிட்டார்.

"நல்ல பகிடிக்காறன். என்ன பிள்ளை, பிடிச்சுதோ?"

வாயில் இருந்த ரோல்ஸைப் பேப்பரில் துப்பினேன்.

"எனக்கு உந்த ஆள் வேண்டாம், அங்கிள்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "நான் அவையளுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு பூவுக்காகவே உந்தக் கூத்து?"

"பூவுக்கில்லை, அப்பா. தமிழனைக் கண்டு தமிழனில்லை எண்டுறார். நாளைக்குக் கோப்பை கழுவிற உங்களையும் ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லுவார்."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆரைக் கொண்டுவந்து ஆரோடை வைக்கிறாய்? ரோட்டில பூ விக்கிற உவனும் நானும் ஒண்டோ?"

அவ்வளவு நேரமும் வாகீசனைப் பார்த்துத்தான் எனக்கு வெறுப்பு வந்தது. இப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது.