பதினோராவது நிலா

"இது முழுக்க வாயுவா, மேஸ்திரி?"

"முழுக்க வாயுதான், லல்லா. கால் ஊன இடங்கூடக் கிடையாது."

"அப்புறம் எதுக்கு இதைத் தூக்கப் பன்னிரண்டு ஆளு?"

"வாயுவை நான் பிளாஸ்டர்லதானே செய்ய முடியும்!"

மேஸ்திரி ஹம்முவும் ஓவியக்காரி இத்தோவும் முதல்நாள் பேசிக்கொண்டது இது; 'லல்லா' என்பது அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். வர்ஸஸாத் நகரத்துச் சினிமா ஸ்டுடியோவில், ஒரு காசாபிளாங்கா இயக்குநரின் விண்வெளிப் படத்துக்காக, கோர்வான் என்ற ராட்சதக் கிரகத்தை ஹம்முவின் ஆட்கள் வார்த்திருந்தார்கள். அதன் மேகப் பட்டைகளைத் தீட்ட இத்தோ வந்தாள். மூன்று மாத வேலை என்றார்கள். ஒன்பது மாதமாகிவிட்டது.

காரணம், நிலாக்கள். கதைப்படி நாலுதான். நாலாவதை அவள் முடித்து, துணிமணியைப் பையில் வைத்த அன்று ஹம்மு வந்து நின்றான்.

"பின்பக்கம் ஒண்ணு குறையுது, லல்லா."

"யார் சொன்னது?"

"மேலிடம்."

அந்த மேலிடத்துக்கு அதன்பின் ஆசை அடங்கவே இல்லை. அம்மைத் தழும்போடு ஒன்று, துருப்பிடித்த மாதிரி ஒன்று. பதினோராவது ஆரஞ்சுப்பழ அளவு இருந்தது.

"இதை உரிச்சுச் சாப்பிடணுமா, மேஸ்திரி?" என்று கேட்டவள், அரை மணி வேலையை நாலு நாள் இழுத்தாள். ஏன் இழுத்தாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

இருபது ஆட்களை அதட்டும் வாய் ஹம்முவுடையது. அதே வாய், கெண்டியை உயரத் தூக்கி அவளுக்குப் புதினாத் தேநீர் ஊற்றும்போது மட்டும் நிலாவைத் தவிர வேறொன்றும் பேசாது. நாற்பது வயது ஆம்பிளை! ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்? அவன் கேட்க வேண்டும் என்று அவள் மாதக்கணக்காகக் காத்திருந்தாள். தானே கேட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. இதற்குள் கடலோர அகாதிர் நகரில் அவள் அண்ணன் ஒரு ஓட்டலில் அவளுக்குச் சுவரோவிய வேலை பார்த்து வைத்துவிட்டார். சனிக்கிழமை பஸ்.

வியாழக்கிழமை இயக்குநர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். விரல் போதவில்லை.

"மேஸ்திரி, கதையில நாலு நிலா. இங்க பதினொண்ணு தொங்குது. வானத்தை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

இருபது ஆட்களும் அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள். விஷயம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அது ரகசியமாக இருந்தது ஹம்முவுக்கு மட்டும்தான்.

"அது வந்துங்க... பெரிய கிரகம். தனியா நிக்கக் கூடாதேன்னு..."

"தனியா நிக்கிறது கிரகமா, மேஸ்திரி?" தூரிகையைத் துடைத்தபடியே கேட்டாள் இத்தோ. "எனக்கு நாளன்னைக்குப் பஸ். சொல்ல வந்ததை இப்பவே சொல்லிடுங்க. பன்னிரண்டாவது நிலான்னா மட்டும் வாயைத் திறக்காதீங்க."

யாரோ ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். ஹம்மு கிரகத்தைப் பார்த்தான், இயக்குநரைப் பார்த்தான். இருவருமே உதவுவதாக இல்லை. கையிலிருந்த பிளாஸ்டர் தூளை நெற்றியில் அப்பிக்கொண்டான்.

"நிலா தீந்துபோச்சு, லல்லா," என்றான். "அகாதிருக்குப் போகாதீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"