மேய்ச்சலுக்கு ஒரு ஏக்கர்

வேலிக் கம்பியில் கொம்பு மாட்டிய கிடா திமிறத் திமிற, கம்பி அதன் கழுத்தை இறுக்கியது. அமிர்தவள்ளி தொரட்டியைக் கொடுத்து நெம்பினாள். கம்பி விலகியது. கிடா உருண்டு எழுந்து மந்தைக்குள் ஓடியது. அவள் உள்ளங்கையில் ரத்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தைலமரக் கன்றுகள். போன ஐப்பசி வரை அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். இப்போது மருந்துக்கடை நெடி.

"கம்பியை அறுத்தியா?"

காக்கிச் சட்டையில் அருணகிரி. இரண்டு வருஷத்துக்கு முன் இதே கரட்டில் அவளோடு ஆடு மேய்த்தவர். இப்போது தைலமரக் கம்பெனிக்குக் காவல்.

"நெம்பினேன். போய்ச் சொல்லு. சட்டை ஜோரா கீதுண்ணா. ஆட்டு நாத்தம் போய்ட்ச்சா?"

"பேஜார் பண்ணாதம்மே. திங்கக்கிழமை மிச்ச முப்பது ஏக்கருக்கும் ஜேசிபி வருது. உங்களுக்கு ஒரு ஏக்கர் உட்டுருக்காங்க."

"ஒரு ஏக்கர் ஒரு வேளைக்கு ஆவாது. அப்பறம் ஓடைக்கா ஓட்றது?"

தோல் ஆலைக் கழிவு ஓடும் ஓடைக்கரையில் எப்போதும் பச்சைதான். அதைத் தின்ற ஏழு ஆடுகள் போன மாதம் நுரை தள்ளிச் செத்தன. அவற்றின் தோலையும் அதே ஆலைக்குத்தான் வாங்கிப் போனார்கள்.

அருணகிரி போனை எடுத்தார். "ஊரே நான் காட்டிக் குடுத்தேன்னு துப்புது. நெலத்தைக் கம்பெனிக்குக் குடுத்த உத்தரவுல இன்னா போட்டுருக்கு, படிக்கிறேன் கேளு. 'நேரில் விசாரித்ததில், இந்நிலத்தில் மேய்பவை பன்னிரண்டு ஆடுகள் மட்டுமே. அவற்றுக்கு ஒரு ஏக்கர் போதுமானது.' நான் சொல்லல. என் பொண்ணு மேல சத்தியம்."

ஊர் துப்பியதில் அவள் எச்சிலும் உண்டு. அமிர்தவள்ளி திரும்பி மந்தையைப் பார்த்தாள். அவளுடையது மட்டும் நூற்று நாற்பத்து மூன்று.

"சொன்ன ஆளே வந்து, பொய்க் கணக்குன்னு எழுதிக் குடுத்தா நிறுத்தலாமாம். வி.ஏ.ஓ. சொல்றாரு," என்றார் அருணகிரி. "அந்த நாயி யாருன்னு தெரியணுமே."

மந்தையின் சரியான கணக்கை மேய்ப்பவர்கள் வெளியாளிடம் சொல்வதில்லை. கண் பட்டுவிடும். அதுவும் வழிப்போக்கன் மாதிரி வண்டியை நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்து, சிரித்துக்கொண்டே கேட்கிறவனிடமா சொல்வார்கள்?

அவள் காறித் துப்பினாள். இந்த முறை அவர் பக்கம் அல்ல.

"வண்டியை எடுண்ணா. ஆபீசுக்குப் போலாம்."

"இன்னாத்துக்கு?"

"பன்னெண்டுன்னு சொன்னது நான்தான்."