ஒற்றைப்புருவக்காரியின் பெட்டி

காதுக்குள் அந்தச் சூடான மூச்சு, கிராம்பு வாசத்தோடு, எப்போதும் முதலில் மூச்சுதான் வரும், சொல் அதன் பின்னால் வரும், அவ கேக்கா, எதுக்கு வந்தன்னு, அவன் சொல்லுதான், மழைக்கு ஒதுங்குனேன்னு, நம்பாதட்டி, பொய் சொல்லுதான், அவன் கண்ணப் பாரு, நான் பார்க்கிறேன், திரை முழுக்க ஒரே ஒரு கண், கறுப்பும் வெள்ளையுமாக, அதில் ஜன்னல் மழை ஓடுகிறது, எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி இருபது நாள், தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து முக்காட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே காலைக் காட்சிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம், எனக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது, என் வலது பக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸுக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் அவர் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறார், கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற இயந்திரம் அது, நாள் முழுக்க வெளிநாட்டுக் கப்பல்காரர்களோடு கத்திக்கொண்டிருக்கிறவர், அவருக்குத் தெரியாத இங்கிலீஷா. அந்தத் தியேட்டரில் அது ஒரு வழக்கம், இங்கிலீஷ் படம் ஓடினால் வரிசைக்கு ஒருவர் கதை சொல்வார், ஒரு வரிசைக்கு வாத்தியார், ஒரு வரிசைக்கு கஸ்டம்ஸ்காரர், எங்கள் வரிசைக்கு இவர், எனக்கென்று மெதுவாகத்தான் ஆரம்பிப்பார், பின்னாலிருந்து அண்ணாச்சி கொஞ்சம் சத்தமா என்று குரல் வரும், கொஞ்ச நேரத்தில் வாத்தியார் வரிசையிலிருந்தே ஆட்கள் எழுந்து எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள், வாத்தியார் சொல்லும் கதையில் ருசி இல்லையாம்.

அந்த வாய் இப்போது சரி என்கிறது. இட்லி போதுமா என்றால் சரி, கால் வலிக்கிறதா என்றால் சரி, வீடு தீப்பிடித்துக்கொண்டது என்று ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன், அதற்கும் சரி. ஆறு மாதத்துக்கு முன்பு காலையில் சவரம் செய்துகொண்டே சரிந்து விழுந்தவர், வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று, அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது, கல்யாணமாகி ஐம்பத்துமூன்று வருடத்தில் நான் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாத மனிதருக்குக் கடவுள் விட்டுவைத்த சொல்லைப் பாருங்கள், எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க மாரிச்செல்வி என்று ஒரு பெண் வருகிறாள், நல்ல பெண், பொறுமைசாலி, அவள் சொன்னாள், அவங்களுக்கு எல்லாம் புரியுதும்மா, சொல்லுதான் வெளிய வரமாட்டேங்கு, மொத ஆறு மாசத்துல வாரதுதான் நெறைய, அதுக்குப் பெறகு வராதுன்னு இல்ல, ரொம்ப மெதுவாத்தான் வரும். படம் போட்ட அட்டைகளை நீட்டி இது என்ன, குடை, சொல்லுங்க, குடை என்பாள், அவர் குடையைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார், ஒரு தியேட்டரையே வாயைப் பிளக்க வைத்தவரிடம் குடை காட்டினால் என்ன வரும், அவருக்குக் குடை வேண்டாம், எதிர்த்துப் பேச ஒரு காரணம் வேண்டும், அந்த ஆறு மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, இந்த மனிதரைப் பேசவைக்காமல் விடப்போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தினமும் பத்தரைக்கு ஜன்னலைச் சாத்துவேன், பத்தரைதான் காலைக் காட்சி நேரம், டிவியில் அந்தக் காலத்துப் படங்களை எல்லாம் எடுக்க என் மகள் அமலி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அவளோடு சேர்ந்து நானும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டியவள், படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்து எனக்குப் போதும். அவருடைய நாற்காலிக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் நான் கதை சொல்வேன், கூடவே வேண்டுமென்றே வம்பையும் சொல்வேன். உங்க நாடிக்குழிக்காரனுக்கு நடிக்கவே தெரியல, அவன் தொப்பிதான் நடிக்கு, தொப்பியைக் கழட்டினா அவன் சும்மா ஒரு மளிகைக்கடைக்காரன், என்றேன், நாடியில் குழி விழுந்த அந்த நடிகனுக்காகத் துறைமுகத்தில் இரண்டு பேரோடு கைகலந்தவர் இவர், சரி என்றார். அந்தப் படங்களில் ஒருத்தரும் சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை, மேசை நிறைய வைத்திருப்பார்கள், முள்கரண்டியைக் கையில் எடுப்பார்கள், உடனே யாராவது மனம் உடைந்து எழுந்துவிடுவார்கள், இவ்வளவு சோற்றை வீணாக்குகிற ஜனங்களுக்குக் குடும்பம் எப்படி விளங்கும் என்றேன், சரி. கலரில் எடுத்தது எல்லாம் குப்பை, என் ஒற்றைப்புருவக்காரி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கினால் எதிரே நிற்கிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவளைக் கலரில் காட்டியபோது தலைமுடி காரட் நிறத்தில் இருந்தது, எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை, கறுப்புவெள்ளையில் அவள் முடிக்கு நானே ஒரு நிறம் வைத்திருந்தேன், அதைப் பிடுங்க இவர்கள் யார், என்றேன், இது நான் உண்மையாகவே நினைப்பது, சரி. இசையிலும் கை வைத்தேன், ஐம்பது வயலின் ஒன்றாக அழுதால்தான் இவர்களுக்கு ஒரு முத்தம் வரும், கதவைத் திறக்கப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் வயலினுக்குத் தெரிந்துவிடும், ஏரிக்கரையில் நடக்கிற ஒரு படத்தில் வருகிற அந்த மெட்டு, இவர் விஞ்ச் ஓட்டிக்கொண்டே விசிலடிப்பது, அதை நான் வேண்டுமென்றே இழுத்துக் குழப்பிப் பாடினேன், அப்போது அவருடைய இடதுகை விரல் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டியது, தப்பு, தப்பு, என்பதுபோல. மாரிச்செல்வியிடம் சொன்னேன், நல்ல அறிகுறிம்மா என்றாள், அமலிதான், எம்மா, அப்பாவப் போட்டு இந்தப் பாடு படுத்தாத, நிம்மதியா இருக்கட்டும் என்றாள், நிம்மதியாம் நிம்மதி, நிம்மதி வேண்டுமென்றால் என்னை ஏன் கட்டினார்.

ரயிலடிப் படத்தை மட்டும், கல்யாணமாகி இருபதாம் நாள் பார்த்த அந்தப் படத்தை மட்டும், தொடாமல் வைத்திருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய படம், இதில் யாரோடும் எனக்குப் பேச்சில்லை, ஒற்றைப்புருவக்காரி ஊரை விட்டுப் போகிற நாடிக்குழிக்காரனை வழியனுப்ப வந்திருக்கிறாள், புகை, மணி அடிக்கிறது, ஒரு சின்னப் பெட்டியை அவன் கையில் கொடுக்கிறாள், அவள் உதடு அசைகிறது, என் காதில் கிராம்பு வாசம், அவ சொல்லுதா, நீ போயிட்டா நான் செத்திருவேன்னு நெனைக்காத, நான் நல்லாத்தான் இருப்பேன், அதுதான் ஒனக்குத் தண்டனை. பின்னால் ஒரு கிழவர் எம்மாடி என்றார், வெளியே வந்து வெயிலில் நடக்கும்போது நான் கேட்டேன், அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு, அடுத்த வாரம் சொல்லுதேன் என்றார், ஐம்பத்துமூன்று வருடமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. அதே வருடக் கடைசியில் கப்பலோடு போகிறேன் என்று கிளம்பினார், இரண்டு வருட ஒப்பந்தம், எத்தனையோ அழுது பார்த்தேன், கேட்கவில்லை, துறைமுகக் கேட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கத் தெரியாமல் இரண்டையும் தூக்கி, நீங்க போயிட்டா நான் செத்திருவேன்னு நெனைக்காதீங்க, நான் நல்லாத்தான் இருப்பேன், அதுதான் உங்களுக்குத் தண்டனை என்றேன், மனிதர் கொழும்பிலேயே இறங்கிப் பதினெட்டாம் நாள் வாசலில் வந்து நின்றார், அப்படி ஒரு பேச்சக் கேட்டுட்டு எவம்ட்டி போவான் என்றார்.

பிறகு அமலி வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆனபோது அந்தப் படத்தின் டிவிடித் தட்டைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தாள், உங்க ரெண்டு பேருக்கும்தான் என்று போட்டாள், கீழே எழுத்து ஓடியது, நான் எழுத்துக் கூட்டினேன், மழைக்கு ஒதுங்கினேன் என்று அவன் சொல்லவே இல்லை, அவன் அவளுடைய வக்கீல், உயில் விஷயமாக வந்திருக்கிறான், எனக்கு எங்கேயோ இடித்தது, ரயிலடி வந்தது, புகை வந்தது, மணி அடித்தது, உதடு அசைந்தது, பெட்டியில் இரண்டு சட்டையும் சோப்பும் இருக்கிறது, ரயில் கால்மணி நேரம் தாமதமாம், காபி குடிக்கிறாயா என்று எழுத்து ஓடியது. திரும்பிப் பார்த்தேன், அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார், மழை பெய்துகொண்டிருக்கிற நாளில். எம்மா, அப்பாவுக்கு இங்கிலீஷே தெரியாதா என்று அமலி விழுந்து விழுந்து சிரித்தாள், தெரியும், தூக்கு, இறக்கு, நிறுத்து, மூன்றும் நன்றாகத் தெரியும், மற்றதெல்லாம் அவரே கட்டியது, எத்தனை நூறு ஞாயிற்றுக்கிழமை, எத்தனை காதல், எத்தனை கொலை, எல்லாம் அவர் வாயில் பிறந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை, கோபத்தில்தான் முதலில், பிறகு ஒன்று உறைத்தது, கேட்டில் நின்று நான் அடித்தது அவர் கட்டிய வசனத்தால், அவருடைய சொல்லே திரும்பிவந்து அவரைக் கப்பலிலிருந்து இறக்கியிருக்கிறது, சிரிப்பு வந்துவிட்டது, மூன்றாம் நாள் காபியை நீட்டிச் சொன்னேன், படம் எடுத்தவனுக்குத்தான் கதை தெரியல, உங்க கதைதான் சரி. அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார், சந்தோஷமாக இருந்தால் அவருக்குக் காது சிவக்கும், சிவந்திருந்தது.

இன்றைக்குப் பத்தாம் நாள், ஆறு மாதம் முடிகிறது, பத்தரை, ஜன்னலைச் சாத்தினேன், ரயிலடிப் படம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவர் எனக்கு வலது பக்கம், அன்றைக்கும் அப்படித்தான், மாரிச்செல்வி ஒரு வழி சொல்லியிருந்தாள், பாதியை நீங்க சொல்லி மீதியை அவங்களுக்கு விடுங்க, அதனால் நீ போயிட்டா என்று ஆரம்பித்து நிறுத்துவதாகத்தான் ஏற்பாடு, ஆனால் புகை வந்தபோது, மணி அடித்தபோது, அவர் முகத்தைப் பார்த்தேன், சரி என்ற சொல்லை வாயில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது, பெட்டி கைமாறியது, அவர் காதில் வாயை வைத்து, பெட்டியில ரெண்டு சட்டை இருக்கு, சோப்பு இருக்கு, ரயிலு கால்மணி நேரம் லேட்டாம், காபி குடிக்கியான்னு கேக்கா, என்றேன், வெட்கமில்லாமல், எழுத்துக்கு எழுத்து. அந்தச் சரி என்ற சொல் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அவருடைய விஞ்சில் வேறு ஒருவன் கை வைத்தபோது பார்த்த அதே பார்வை, நான் விடவில்லை, ரெண்டு சட்டை, ஒரு சோப்பு, என்றேன் மறுபடி, அவருடைய வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, இடது கை வந்து என் தோளை இறுக்கிப் பிடித்தது, இல்ல, என்றார். அடுப்பங்கரையில் அமலி கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. இல்ல, இல்ல, என்றார் மறுபடி, இரண்டாவது சொல், ஆறு மாதத்தில் இரண்டாவது சொல், எனக்குக் கண் மறைத்தது, துடைக்கவில்லை, அசைந்தால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம், அவர் என் தலையைத் தன் பக்கம் இழுத்தார், காதுக்குள் சூடு, கிராம்பு இல்லை, மருந்து வாசம், ஆனால் அதே மூச்சு, அதன் பின்னால் ஒரு ஓட்டம், லா, தப, ம்ம், ரா, எந்த ஊர் மொழியும் இல்லை, ஆனால் ஏற்றம் அதே ஏற்றம், இறக்கம் அதே இறக்கம், நடுவில் ஒரு நிறுத்தம், நம்பாதட்டி என்று சொல்வாரே அந்த இடத்து நிறுத்தம், பத்தொன்பது வயதில் திரையில் பேசிய பாஷையும் எனக்கு இப்படித்தான் இருந்தது, ஒரு எழுத்துப் புரியாது, ஒன்றும் விட்டுப்போகாது.

அமலி வாசற்படியில் நிற்கிறாள், கையெல்லாம் மாவு, எம்மா, அப்பா என்ன சொல்லுதாவ, என்கிறாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கதை சொல்கிறவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அவர்தான் பழக்கிவிட்டது. நாடிக்குழிக்காரன் நல்லா நடிக்கானாம், நான் சும்மா இருக்கணுமாம், என்றேன். இல்ல, என்றார் அவர் உடனே, என் தோளில் இரண்டு தட்டு. அப்படியா, சரி, இப்பம் சரியாச் சொல்லுதேன் கேளு, பெட்டியில சட்டையும் இல்ல சோப்பும் இல்லையாம், கீழ எழுதிப் போட்டவனுக்கு ஒரு மண்ணும் தெரியாதாம், உள்ள என்ன இருக்குன்னு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியுமாம், அத என்கிட்ட சொல்லாம விடமாட்டாவளாம், என்றேன், திரும்பி அவரைப் பார்த்துக் கேட்டேன், அப்படித்தான? சரி, என்றார். அவருடைய காது சிவந்திருந்தது. நாடிக்குழிக்காரன் பெட்டியோடு ரயிலில் ஏறுகிறான், வயலின்கள் ஆரம்பித்துவிட்டன, ஆறு மாதம் முடிந்தால் முடியட்டும், நான் வலது காதை அவர் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மூச்சு வந்துவிட்டது, சொல் அதன் பின்னால் வரும்.