கொடிமரத்துக் கயிறு

தளவாய் பிடுங்கியது ஒரே ஒரு மயிர்தான். அதற்கு அந்தக் குதிரை அத்தனை கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை. தென்காசிக் கடைத்தெருவில் சும்மா நின்றிருந்த வண்டி எம்பிப் பாய்ந்தது. வண்டியிலிருந்த கத்தரிக்காய் மூட்டை அவிழ்ந்து தெருவெல்லாம் உருண்டது. குதிரையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த வண்டிக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வே தையக்காரரே, உமக்கு எதுக்கு வே குதிரை வால்?"

ஊரில் பாதிப் பேருக்குக் கோட்டுத் தைத்துப் போடுகிற மனுஷர், காகிதக் கப்பலுக்குக் கயிறு என்று எந்த வாயால் சொல்வார்? குனிந்து கத்தரிக்காய் பொறுக்கினார். மயிரை மட்டும் விரலிடுக்கிலிருந்து விடவில்லை.

எல்லாம் செல்லச்சாமியால் வந்தது.

அந்த வட்டாரத்தில் காகிதத்தில் கப்பல் செய்யத் தெரிந்தவர் தளவாய் ஒருவர்தான் என்றிருந்த வரைக்கும் உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரங்கூன் கப்பல் படம் போட்ட காலண்டரைப் பார்த்து அட்டையை வெட்டி ஒட்டுவார். கடலைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, தைக்கிற கோட்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டா தைக்கிறார்? சாரல் காலம் வந்தால் அவருடைய கப்பல் குற்றாலத்தில் யாக்கூப் பாயின் எண்ணெய்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிடும். அருவிக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள். பாய் தளவாயின் பெயரைச் சொல்வார். வருஷம் பூராவும் மற்றவன் சட்டைக்குக் காஜா எடுக்கிற மனுஷனுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இந்த வருஷம் பெட்டியில் ஏறிய வாரத்திலேயே அவர் கப்பலின் கொடிமரம் வில்லாக வளைந்துவிட்டது. அதைக் கப்பலின் மூக்கோடு கட்டியிருந்த நூல்கள்தான் பிடித்து இழுத்திருந்தன. பாய் அதை மெல்ல எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற செல்லச்சாமி புதிதாகச் செய்த கப்பலைப் பெட்டியில் ஏற்றிவிட்டார்.

தளவாய் போய்ப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம். காகிதத்தைச் சுருட்டிச் செய்த கொடிமரம் நெட்டக்குத்தலாக நின்றது. கயிறெல்லாம் அத்தனை மெலிசு. சாரல் உள்ளே வந்து விழுகிற அந்தக் கடையில் ஒரு கயிறுகூட மரத்தை இழுக்கவில்லை. வயிற்றுக்குள் யாரோ கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

அது நூல் இல்லை என்பது மட்டும் நிச்சயம். நூல் விஷயத்தில் ஒரு தையற்காரனை ரயில்வேக்காரன் மிஞ்ச முடியாது. அப்படியானால் அது என்ன?

வாழைநாரைக் கிழித்துக் கட்டிப் பார்த்தார், காய்ந்ததும் முறுக்கிக்கொண்டது. விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி வைத்தார், கப்பலில் தந்திமரம் நட்ட மாதிரி ஆயிற்று. செம்புக்கம்பியோ முடிச்சுக்கே மசியவில்லை. யாக்கூப் பாயிடம் சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, தனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் ஒன்றுதான் என்று அவர் நழுவிவிட்டார். இதற்கிடையில் மனைவி வள்ளித்தாய் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்து, செல்லச்சாமிக்குக் கை என்ன கை என்று ஆச்சரியப்பட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை என்று தளவாய் சண்டை போட்டார். உப்பு இருந்தது.

அதற்கப்புறம்தான் குதிரை. அந்த மயிரும் முடிச்சுப் போடப் போட வழுக்கி அவிழ்ந்துகொண்டது.

அப்படியொரு நேரத்தில்தான் செல்லச்சாமியே சட்டைத் துணியோடு கடைக்கு வந்து நின்றான். துணியை நனைத்துக் காயப்போட்டுத்தான் கொண்டுவந்திருப்பதாகவும், இந்தத் தடவை ஏச வேண்டாம் என்றும் முந்திக்கொண்டு சொன்னான். தளவாய் டேப்பை அவன் மார்பில் சுற்றினார். ஒரு விரல் குறைத்துத் தைத்தால் இவன் மூச்சு முட்டட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. பையன் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, ஊசி போடப் போகிறவனிடம் நிற்கிற மாதிரி நின்றான். அளவு சரியாகவே எடுத்தார். ஆனால் டேப்பை விடவில்லை.

"ஏலே செல்லச்சாமி, உன் கப்பல்ல கயிறுன்னு கட்டியிருக்கியே, அது என்னதுலே? நேராச் சொல்லிரு. குதிரைகிட்ட மிதி வாங்குத நிலைமைக்கு வந்துட்டேன்."

"நூலுதான் அண்ணாச்சி. தை மாசம் உம்மகிட்ட வாங்கிட்டுப் போனேன்லா, அந்த உருண்டைதான்."

"பொய் சொல்லாதலே. அதே நூலுதான் என் கொடிமரத்தை வளைச்சிருக்கு."

"நீரு காய்ஞ்ச நூலை இழுத்துக் கட்டுதீரு. சாரல் ஈரம் பட்டதும் அது சுருங்கி மரத்தை இழுக்குது. நான் நூலை நனைச்சு, ஈரத்தோடயே கட்டுதேன். சுருங்க வேண்டியதெல்லாம் முன்னாலயே சுருங்கிருதுல்லா."

"இதை உனக்கு யாருலே சொன்னா?"

தூக்கிய கையைக் கீழே போடலாமா என்று தெரியாமல் செல்லச்சாமி அவர் முகத்தைப் பார்த்தான்.

"நீருதான். நனைக்காத துணியைக் கொண்டாந்தா, தைச்ச பொறவு சுருங்கும்லேன்னு வாசல்லயே வச்சு ஏசுவீரே அண்ணாச்சி, அதுல படிச்சதுதான்."