கெட்டித் துணிக்கு ஒரு மெஷின்

வேங்கிக்கால் ஊர் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில் நசீர் அகமதுவும் அவர் மனைவி நசீம் பானுவும் துணிப்பை தைத்து வாழ்ந்தார்கள். அவர் வெட்டுவார், அவள் மிதிமெஷினில் தைப்பாள். திருவண்ணாமலை ஜவுளிக்கடைகளுக்கு மஞ்சள் பை போகும். தொண்ணூற்று மூன்றில் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் கவருக்கு மாற, ஆர்டர் பாதியாகக் குறைந்தது.

ஸ்டேஷனரி கடை மூர்த்தி ஒருநாள், "ஸ்கூல் பை தைச்சுக் குடுப்பீங்களா பாய்? மெட்ராஸ்லருந்து எறக்கி கட்டுப்படி ஆகல," என்று கேட்டார்.

மாதிரிக்கு ஒன்று தைக்க உட்கார்ந்தாள் நசீம். கேன்வாஸ் மடிப்பில் ஊசி முறிந்தது. மாற்றிய ஊசியும் முறிந்தது.

"இதுக்கு பவர் மெஷின் வேணுங்க."

இருவரும் சேர்த்த பணம் அதற்குச் சரியாக இருக்கும். ஆனால் அது தகரத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட வைத்திருந்த பணம்.

"ஒழுகாத வீட்ல உங்க மகள வெக்கிறேன்னு உங்க அத்தாவுக்கு வாக்கு குடுத்தேன், பானு."

"வீட்டக் கட்டிட்டு உள்ள உக்காந்து என்னத்த தைக்கிறது? மெஷின் வாங்கினா அது சம்பாதிச்சு வீட்டக் கட்டும். கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான்."

மெஷின் வந்தது. லேசாக மிதித்ததுமே அது சீறி ஓட, நசீம் பயந்து காலை எடுத்துவிட்டாள். நசீர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, பெடலைத் தன் கையால் மெல்ல அழுத்தினார். அவள் துணியை நகர்த்தினாள். தையல் கோணலாகப் போனது. இருவரும் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் நேராக வந்தது.

ஐப்பசி மழையில் கூரை சொட்டியது. இருந்த ஒரே படுதாவை மெஷின் மேல் போர்த்திவிட்டு, இருவரும் ஒரு குடைக்குக் கீழே ஒண்டினார்கள்.

"மகாராணி மாதிரி தூங்குது பாருங்க," என்றாள். அவர் தன் துண்டால் அவள் தலையைத் துவட்டினார்.

பள்ளி திறக்கும்போது மூர்த்தி கடை வாசலில் அவர்கள் பைகள் தொங்கின. லாபத்தைச் செலவழிக்காமல் சேர்த்து இரண்டாவது மெஷின் வாங்கினார்கள். அதில் தைக்க, நிலக்கடலை உடைக்கும் கூலிவேலையை விட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பொன்னி என்ற பெண் பஸ்ஸில் வந்தாள். "மல்லாட்ட ஒடைக்கிறத விட இதுல கை வலி கம்மிக்கா, கூலி ஜாஸ்தி," என்றாள். பிறகு ஜிப் வைத்த பை, காலேஜ் பிள்ளைகளுக்குத் தோள்பை என்று வேலை வளர்ந்தது. போளூர் கடைகளும் கேட்டன.

இரண்டாயிரமாவது வருஷம் தளம் போட மேஸ்திரி வந்தபோது நசீமே தடுத்தாள்.

"இந்த வருஷம் கட்டிங் மெஷின் ஒண்ணு வாங்கிட்டு..."

"அது அடுத்த வருஷம் வரும். இந்த மழைக்கு நீ நனையக் கூடாது."

அவள் மேஸ்திரிக்கு டீ போடப் போனாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டது நசீருக்குத் தெரிந்தது.

வீடு முடிந்த வாரம், பொன்னி பை தைத்து மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். நசீம் அவளைச் சும்மா அனுப்பவில்லை. தட்டு நிறைய பிரியாணி போட்டுவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.