தாத்தாவின் கரடிப் படம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து கார் பிடித்து வந்த ராஜ்குமார் கூடத்துக்குள் காலை வைத்தபோது, இரண்டு பேர் சுவரிலிருந்து டிவியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு எட்டுகிற பிளக் டிவிக்குப் பின்னால் இருந்த அந்த ஒன்றுதான். ராத்திரி முழுக்க வாசலிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டியிருக்கிறார்கள். அதில் தடுக்கி விடியற்காலையில் ஒருவர் பெட்டி மேலேயே விழப்பார்த்தாராம். அப்பாவின் தம்பி தியாகராசன் சித்தப்பா, ஒரே வீட்டில் இரண்டு சாவு வேண்டாமென்று டிவியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ராஜ்குமாருக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. டிவியின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பின்னறைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். தங்கை வானதியின் மகள் கவிப்ரியா, இரண்டாம் வகுப்பு படிப்பவள், ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டிவியோடு கூடவே போனாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் விஜயலட்சுமி அத்தை நடந்ததைச் சொன்னாள். வானதி ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். லீவு என்பதால் பிள்ளை தாத்தாவோடு இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல இரண்டு பேரும் கரடிப் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தின் பாதியிலேயே அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்த பிள்ளை, படம் முடிந்த பிறகுதான் எழுப்பிப் பார்த்திருக்கிறது.

"தெனம் அதே படம்தான்டா. கரடிக் குடும்பம் ஒண்ணு வீடு மாறிப் போவுது, அவ்வளவுதான் கதை. அதுல என்னத்தக் கண்டாரோ," என்றாள் அத்தை.

சுற்றி இருந்தவர்கள் அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தார்கள். அப்பா குணசேகரன் என்றால் ஊரில் ஒரு பயம் உண்டு. மூன்று தரம் கேட்டால்தான் ஒரு பதில் வரும். பஞ்சாயத்தில் எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு தலையை மட்டும் ஆட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் கடைசிக் காலத்தில் பொம்மைப் படம் பார்த்துச் சிரித்தது, ஊருக்கே பேச்சாக இருந்ததாம்.

ராஜ்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் முகம் கொடுக்காதவருக்குக் கரடி மட்டும் இனித்திருக்கிறது.

கவிப்ரியா பிறந்த வருஷம் அவன் சிங்கப்பூர் கிளம்பினான். புது ஆற்றுக் கால்வாயில் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டு, நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த நேரம். இருக்கிற ஒரே மகன் வயலைப் போட்டுவிட்டுப் போவதில் அப்பாவுக்கு என்ன நினைப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று காலை அவர் வாசல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவன் நிலைப்படியோரம், அவருக்குப் பின்னால் நின்றான். அந்த வீட்டில் பிள்ளைகள் யாரும் அப்பாவுக்கு எதிரே நின்று பேசியதில்லை. அப்படி எதிரே நிற்பது மரியாதை இல்லை. எதுவானாலும் பக்கவாட்டில் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு சொல்வதுதான் வழக்கம்.

"நான் போறதுல கோவமாப்பா?" என்று கேட்டான். அவர் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் போன் செய்தால், "சாப்டியா? ஒடம்பப் பாத்துக்க," என்பார். அவன் வாயைத் திறப்பதற்குள் போன் வானதி கைக்குப் போய்விடும். ஒரு தடவை லீவில் வந்தபோதும் அதே கதைதான். அந்தக் கோபத்தோடேயே மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதுதான், விமானத்தில் அவனைக் கண்ணை மூடவிடாமல் அடித்தது.

மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று. வேட்டி மாற்றிக்கொள்ளப் பின்னறைக்குப் போனான். கட்டிலில் சாய்த்து வைத்திருந்த டிவியில் கரடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தரையில் கவிப்ரியா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் இல்லை.

துக்க வீடென்று புரிந்து சத்தத்தைக் குறைத்திருக்கிறாளே என்று அவனுக்குப் பிள்ளை மேல் பிரியம் வந்தது. தலையைத் தடவிக் கொடுத்து அதைச் சொல்லவும் செய்தான்.

"இல்ல மாமா. நாங்க எப்பவும் இப்படித்தான் பாப்போம்," என்றாள் அவள். "தாத்தாவுக்குத்தான் கேக்காதே. எனக்கு மட்டும் கேட்டா அது அழுகுணி ஆட்டம்ல."

ராஜ்குமார் வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. இப்ப சொல்லலாமா?"

சொல்லலாம் என்று தலையாட்டினான். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் பக்கத்திலேயே கிடந்ததில் தாத்தாவுக்கு ரொம்ப வருஷமாகவே காது போய்விட்டதாம். முன்னால் வந்து நின்று, மூஞ்சியை நன்றாகக் காட்டி, மெதுவாகப் பேசினால் கண்டுபிடித்துவிடுவாராம். மற்றப் படங்களில் ஆட்கள் அங்கே இங்கே பார்த்துக்கொண்டு வேகமாகப் பேசுகிறார்கள். கரடிகளுக்கு அந்தப் பழக்கமில்லை. தேங்காய் அளவு கண்ணை வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, நேராகத் தாத்தாவையே பார்த்துப் பேசும்.

திரையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கரடி கிளம்பியது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. அதன் முகம் திரை முழுக்க நிறைந்து, கண் கலங்கி, ஏதோ கேட்டது.

"இந்த எடத்துல தாத்தா பதில் சொல்லுவாங்க," என்றாள் கவிப்ரியா.

"என்னன்னு?"

"'இல்லடா, போய்ட்டு வா'ன்னு. தெனமும் சொல்லுவாங்க."

சித்தப்பா வெளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் ராஜ்குமார் வேட்டியைக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. எத்தனை பேர் இருந்த வீடு இது. ஒருவராவது அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று நினைத்தபோது, அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்துவிட்டது. கவிப்ரியா டிவியை நிறுத்திவிட்டு, அழட்டும் என்று காத்திருந்தாள்.

குளிப்பாட்டிப் புது வேட்டி போர்த்தி, பந்தலில் பாடை மேல் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். பேத்தி என்ற முறையில் கவிப்ரியாவின் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து, கால்மாட்டில் நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா ராஜ்குமாரின் கையில் அரிசியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று போடச் சொன்னார்.

பழக்கத்தில் அவன் பக்கவாட்டில்தான் போய் நின்றான். தலையும் தானாகக் குனிந்துகொண்டது. பிறகு நகர்ந்து, பாடையின் மேல் கவிந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனான். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. நெற்றி விபூதிக்குக் கீழே சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது பட்டதென்று அவனுக்குத் தெரியாது.

புருவத்தைத் தூக்கி, கண்ணை அகல விரித்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, அன்று நிலைப்படியோரம் நின்று கேட்டதையே அவன் கேட்டான். கூட்டத்தில் யாரோ, பையன் அழக்கூட முடியாமல் தவிக்கிறான் என்றார்கள். நேரமாகிறது, அரிசியைப் போடு என்றார் சித்தப்பா.

"மெதுவா மாமா," என்றாள் கவிப்ரியா.

அரிசியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ராஜ்குமார் மறுபடியும் மெதுவாகக் கேட்டான்.