நிறுத்தக் கூடாத வண்டி

வாசுபூஜ்யன் அம்பாசடர் வாங்கியதிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் தர்மதாஸ் நைனாருக்குச் சரியான தூக்கம் இல்லை. அறுபத்தேழில் சமணத் தலமான சிரவணபெளகொளாவில் மகா அபிஷேகம்; வாசுபூஜ்யன் அதற்குக் காரிலேயே போவதாக இருந்தார். "அவன் கார்ல போறானா? நான் வூட்டையே ஓட்டிக்கினு போறேன்" என்று செஞ்சிக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.

சொன்ன வாய்க்காகத் தரகன் தாண்டவராயன் ஒரு பழைய டீசல் வண்டியைக் கொண்டுவந்தான். நொடித்துப்போன சர்க்கஸ் கம்பெனி முதலாளி குடியிருந்த வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குச் சிவப்புத் திரை. வாசலில் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை மட்டும் நிறுத்தவில்லை. தனக்குத் தரும் மரியாதை என்று எண்ணி நைனார் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

ஓட்டிப் பார்க்கக் கோட்டை வரை போனார்கள். அங்கேயும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

"இன்னாங்க, காது போவுது. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் மனைவி பத்மினி.

"வாணாம்மா! டீசல் இன்ஜினு மாமியார் மாதிரி. நிறுத்தினா கோவிச்சுக்கும்" என்றான் தாண்டவராயன்.

"எங்க மாமியாரையே பாத்தவ நானு. நிறுத்துப்பா."

நிறுத்தினான். கோவித்துக்கொண்டது. திருகினான், தட்டினான், தள்ளினான், அசையவில்லை. சூரியனோ மேற்கே ராஜகிரி மலையின் உச்சியைத் தொடுமளவு இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சமணக் குடும்பம். பத்மினி அலட்டிக்கொள்ளாமல் தண்ணீரை வடிகட்டி, அடுப்பைச் சோதிக்கக் கொண்டுவந்திருந்த ரவையில் அந்த அடுப்பிலேயே உப்புமா கிளறினாள்.

நைனார் முதல் வாய் வைக்கும்போது திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து நின்றது அம்பாசடர்.

"இன்னாண்ணே, வண்டி நின்னுபோச்சா?" வாசுபூஜ்யனின் பல் முழுக்கத் தெரிந்தது.

கடைவீதி மொத்தமும் நைனாரின் கண்முன் வந்து சிரித்துவிட்டுப் போனது. உப்புமாவை விழுங்கினார்.

"சாப்பிடுற நேரமாச்சேடா. நீ வல்லத்துல உன் வூட்டுக்குப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். உன் கார்ல அடுப்பு இருக்குதா?"

பல் மறைந்தது. "ஏறி வாங்க தம்பி" என்று பத்மினி ஒரு தட்டை நீட்டினாள். வாசுபூஜ்யன் கட்டிலில் உட்கார்ந்து, திரையை விலக்கிக் கோட்டையைப் பார்த்தபடி இரண்டு தட்டு சாப்பிட்டார். பிறகு மெல்ல, "இதை எனக்கு வுட்டுக்குடுண்ணே" என்றார்.

"வாணாம் தம்பி. இது கிளம்பவே கிளம்பாது" என்றாள் பத்மினி. பொய் பேசிப் பழக்கமில்லாதவள்.

"அண்ணி, நான் ஆசைப்படக் கூடாதா? குடுக்க மனசில்லன்னு சொல்லுங்க!"

"ஐயோ, நெசமாத்தான்" என்றார் நைனார். வாழ்நாளில் அவர் இவ்வளவு பெருமிதத்தோடு உண்மை பேசியதில்லை.

வாசுபூஜ்யனுக்கு வெறியே வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் என் கார்ல வூட்டுக்குப் போங்க. பின்னாலயே நான் இதுல வரேன்." தாண்டவராயன் சட்டென்று சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நடையைக் கட்டினான்.

அம்பாசடரின் பின்சீட்டில் நைனார் காலை நீட்டிக்கொண்டார்.

"உள்ளதைத்தானே சொன்னோம்?" என்றாள் பத்மினி.

"ரெண்டு பேருமே சொன்னோம்" என்ற நைனார், முன்னால் இருந்த டிரைவரின் தோளைத் தட்டினார். "பொன்னுசாமி, எங்களை எறக்கிட்டு சீக்கிரம் திரும்பி வாப்பா. உங்க முதலாளி இங்கதான் இருப்பாரு."